நிமிஷத்துக்கு ஒரு ஆச்சு

"எறங்குடி கீழ!"

"எறங்க மாட்டன்."

"ஊரே சிரிக்குது. பொண்டாட்டி பாறை மேல வானம் பாக்கறா, புருசன் பாறைக்குக் கீழ கல்லு ஒடைக்கறான்னு—"

"சிரிக்கறவங்களோட சேந்து எல்லைக்கு அந்தாண்ட போயிக் குடிக்கறது யாரு? நீதான—"

"நான் பேசறப்ப குறுக்க பேசாத!"

"நீ நிறுத்துனா நான் ஏன் பேசப் போறன்?"

"மாமா, மாஸ்டர் ஊர்லயே இல்ல. நேத்தே பெங்களூரு போயிட்டாரு. நாங்க ரெண்டு பேருதான்—"

"நீ வாய மூடு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

அந்த ஒரு விஷயத்தில்தான் அன்று அவர்கள் ஒத்துப்போனார்கள்.

திம்மப்பன் மாமா தோளிலிருந்த சம்மட்டியை இறக்கினார். கல் உடைக்கிற எட்டு ராத்தல் சம்மட்டி. தொலைநோக்கிக்கு நேராக அதை ஓங்கினார்.

"இந்தக் கொழாயைப் போடறன் பாரு ஒரே போடா."

சென்னம்மாள் அக்கா நடுவில் வந்து நின்றாள். "என்னைப் போட்டுட்டு அதைத் தொடு."

மாமாவின் ஓங்கிய கை நின்றது. சம்மட்டியைத் திரும்பத் தோளில் வைத்துக்கொண்டார்.

"சரி. அப்படியே ஆவட்டும்."

இறங்கிப் போய்விட்டார். அப்போது மணி ஆறு ஐம்பது.

இது நடந்தது. வேப்பனப்பள்ளிக்கு வெளியே, கோட்டான் பாறை மேலே, 1957 ஏப்ரல் 29, திங்கட்கிழமை, சித்திரை அமாவாசை அன்று. எனக்கு அப்போது பதினேழு வயது. இப்போது எண்பத்து நான்கு. பார்த்ததெல்லாம் மங்கிவிட்டது. கேட்டது மட்டும் அப்படியே இருக்கிறது. நான் அப்படித்தான். முகம் மறந்துபோகும், யார் என்ன சொன்னார்கள் என்பது மறக்காது. ஆகவே கேட்டதைக் கேட்ட மாதிரியே எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு முறை படியுங்கள்.

அந்தச் சித்திரையில் சாயங்காலமானால் வடமேற்கில் ஒரு வால்மீன் தெரிந்தது. வால் மேலே போகும். சூரியன் பக்கமாகவும் முள் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்து, "இந்த வருசம் யாரையோ குத்தப் போவுது" என்றார்கள்.

எல்லப்பன் மாஸ்டர் பெங்களூரில் ஒரு கல்லூரியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர். அந்தப் பக்கம் இருட்டு நன்றாக இருக்கும் என்று கோட்டான் பாறையில் கூடாரம் போட்டார். தொலைநோக்கி, அதன் முதுகில் ஒரு காமிரா, காமிராவுக்கு முன்னால் முப்பட்டைக் கண்ணாடி. கண்ணாடித் தட்டில்தான் படம் விழும். வால்மீனின் வெளிச்சத்தை அந்த முப்பட்டை பிரித்துவிடும். எந்த வாயு ஒளிர்கிறதோ அதற்கென்று ஓர் இடத்தில் ஒரு கோடு விழும்.

"இந்த எடத்துல விழுந்தா சயனோஜன். விஷம்மா அது" என்று மாஸ்டர் எங்களுக்குக் காட்டினார். "நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லன்னு நெனைக்கறோமே, அங்கயும் இதே கோடு கெடச்சிருக்கு. வெறும் எடம்னு ஒண்ணு கெடையாது, கேட்டியா?"

அவரிடம் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. அக்கா கிடைத்தது ஓர் எறும்பால். தொலைநோக்கிக்குள் குறுக்குக் கம்பி என்று ஒன்று உண்டு. சிலந்தி இழையில் செய்தது. எறும்பு அதை அறுத்துவிட்டது. அக்கா அப்போது பட்டுக்கூட்டைக் கொதிநீரில் போட்டு நூல் இழுக்கும் வேலையில் இருந்தாள். கூட்டிலிருந்து ஒற்றை இழை எடுத்து, அரிசி அளவுத் துளையில் குறுக்கே ஒட்டிக் கொடுத்தாள். கை ஆடவே இல்லை. மாஸ்டர் அவளையே தொலைநோக்கியில் நிறுத்தினார்.

வேலை இதுதான். வால்மீனின் தலை பஞ்சு மாதிரி இருக்கும். நடு எது என்று பிடிக்க முடியாது. அதனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைக் கம்பி மேல் வைத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வால்மீன் நகர்கிற அளவுக்கு, நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒரு திருகாணியை ஒரு கோடு திருப்ப வேண்டும். நாற்பது நிமிஷம், நாற்பது கோடு. ஒன்று தவறினாலும் படம் இழுத்துவிடும்.

நிமிஷம் சொல்வது என் வேலை. கடிகாரம் பார்க்க விளக்கு வேண்டும். விளக்கு பட்டால் தட்டு கெடும். ஆகவே நான் பத்தடி தள்ளி, கல்லால் கட்டிய ஒரு சிறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு லாந்தரோடு உட்காருவேன். நான் எண்ணைச் சொல்வேன். அக்கா திருப்பிவிட்டு "ஆச்சு" என்பாள். நாற்பதாவதுக்கு மட்டும் எண்ணுக்குப் பதில் "மூடு" என்பேன். அவள் கடைசிக் கோட்டைத் திருப்பித் தட்டை மூடுவாள். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கலாம்.

ஒரே ஒரு தடவை நடுவில் திறந்துவிட்டேன். காலில் தேள் ஏறியது. விளக்கு வெளிச்சம் பாய்ந்து தட்டு முழுக்கக் கறுத்துப்போனது. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்.

"தேளு கொட்டுனா சாவ மாட்டடி காவேரி. தட்டு போனா நான் செத்தன்."

காரணம் இருந்தது. "நல்லதா ஒரே ஒரு தட்டு குடு, சென்னம்மா. அதை எங்க காலேஜ்ல காட்டி, இருட்டறையில உனக்கு வேலை வாங்கித் தர்றேன். தங்க எடமும் உண்டு" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அக்காவின் முதுகில் மாமாவின் இடுப்புவார்த் தழும்பு ஏழு. நான் எண்ணியிருக்கிறேன். வலது காது பாதிதான் கேட்கும். அதுவும் அவர் அடித்ததுதான்.

வால்மீன் மங்கிக்கொண்டிருந்தது. அமாவாசை இருட்டு அன்று ஒரு நாள்தான். மாஸ்டர் புதுத் தட்டு வாங்கப் போனவர் அன்று மாலை வந்துசேரவில்லை. பெட்டியில் ஒரே ஒரு தட்டு மிச்சம்.

"நாமளே எடுத்துடலாம்" என்றாள் அக்கா.

"மாமா திரும்பி வந்தா?"

"வந்தா வரட்டும். நீ எண்ணறத நிறுத்தாத. என்ன ஆனாலும் நிறுத்தாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஏழு இருபதுக்குத் தட்டைத் திறந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"ஒண்ணு."

"ஆச்சு."

"ரெண்டு."

"ஆச்சு."

பன்னிரண்டு வரை ஒன்றும் இல்லை. கடிகாரம். லாந்தரில் மண்ணெண்ணெய் வாசனை. வெளியே தொலைநோக்கி எட்டுவதற்காகப் போட்ட பலகை மேல் அவள் நின்று மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

ஏழு முப்பத்து மூன்று. "பதிமூணு."

"ஆச்சு."

உடனே ஒரு சத்தம்.

தொப்.

பலாப்பழம் கீழே விழுந்தால் வருமே, அந்த மாதிரி. பிறகு இன்னொரு தடவை. தொப். ஏதோ பாறையில் இழுபட்டது. யாரோ ஓடுகிற காலடி. சரிவில் சரளைக்கல் உருண்டது.

பாறையில் பலா மரம் கிடையாது.

நான் எழுந்து நின்றேன். கை கதவில் இருந்தது. "அக்கா?" என்று கேட்கக் கூடாது. எண் மட்டும்தான்.

ஏழு முப்பத்து நான்கு.

"பதினாலு."

...

விநாடி முள் நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"ஆச்சு."

எனக்கு உயிர் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். பலகை சாய்ந்திருக்கும், விழுந்து எழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பதினஞ்சு."

"ஆச்சு."

அப்போதுதான் கவனித்தேன். குரல் கீழேயிருந்து வந்தது. பலகை மேல் நிற்கிறவள் குரல் என் தலைக்கு மேலே வர வேண்டும். இது தரையிலிருந்து வந்தது. வாயைப் பாறையில் வைத்துப் பேசுகிற மாதிரி.

மூச்சுச் சத்தமும் இல்லை.

"பதினாறு... பதினேழு... பதினெட்டு..."

ஒவ்வொன்றுக்கும் சரியாக ஆச்சு. முன்னைவிடச் சரியாக.

ஏழு முப்பத்து ஒன்பது.

"பத்தொம்போது."

"ஆச்சு."

டங்.

மலைக்குக் கீழே, கல்குழியில், சம்மட்டி அடி. கல்குழியில் ஆறு மணிக்கே வேலை முடிந்துவிடும். அமாவாசை இருட்டில் யார் கல் உடைக்கிறார்கள்?

"இருவது."

"ஆச்சு."

டங்.

"இருவத்தொண்ணு."

"ஆச்சு."

டங். இந்தத் தடவை அதற்குப் பின்னால் ஓர் ஊளை. நரி என்று நினைத்தேன்.

நான் எண் சொன்னால் அக்கா ஆச்சு என்பாள். அக்கா ஆச்சு என்றால் கீழே ஒரு அடி விழும். நிமிஷத்துக்கு ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இருபத்து நான்கில் அடியின் சத்தம் மாறியது. டங் இல்லை. கல்லில் படவில்லை.

சத்.

ஈரத் துணியைத் துவைக்கிற மாதிரி.

அக்காவின் குரலும் மாறியது. தொண்டையில் தண்ணீர் நின்று கொப்பளிக்கிற மாதிரி...

"ஆ...ச்சு."

ஏழு நாற்பத்து ஏழு. என் கால் விரலில் ஏதோ சூடாகப் பட்டது. தேள் என்று காலை உதறினேன்.

தேள் இல்லை.

கதவுக்கு அடியிலிருந்து ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. பாறை என் பக்கம் சரிவு. லாந்தரைத் தாழ்த்திப் பார்த்தேன். விரலால் தொட்டேன்.

சிவப்பு.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. பதிமூன்றுக்கும் பதினாலுக்கும் நடுவில் என்ன விழுந்தது என்று தெரிந்துவிட்டது. அப்படியென்றால் எனக்குப் பதில் சொல்வது யார்?

கதவைத் திறந்தால் பார்த்துவிடலாம்.

திறந்தால் தட்டு போய்விடும்.

"இருவத்தெட்டு" என்றேன். என் குரல் ஆடியது.

"ஆச்சு."

அவள் குரல் ஆடவில்லை.

சத்.

முப்பதில் கீழேயிருந்து ஊளை வார்த்தையானது. நரி இல்லை. ஆண் குரல்.

"காவேரி..."

மாமா.

"காவேரி... எண்ணாதடி... நிறுத்துடி..."

நான் கடிகாரத்தையே பார்த்தேன்.

"முப்பத்தொண்ணு."

"ஆச்சு."

சத்.

"நிறுத்துடி குட்டி... காலு போச்சு... கை போச்சு... அய்யோ எங்காயி... நிறுத்து..."

"முப்பத்திரெண்டு."

"ஆச்சு."

இந்தத் தடவை குரல் கதவுக்கு வெளியே. கதவோடு கதவாக. கதவுப் பலகையின் இடுக்கில் வாய் வைத்துச் சொன்ன மாதிரி. ஆனால் அதே நேரத்தில் திருகாணி திரும்புகிற சின்னச் சத்தம் பத்தடி தள்ளிக் கேட்டது. கிர்க்.

முப்பத்தைந்து. முப்பத்தாறு.

கீழே கத்தல் நின்றுவிட்டது. அடி மட்டும் விழுந்தது.

முப்பத்தேழு. நான் வாயைத் திறந்தேன்.

"ஆச்சு."

நான் இன்னும் சொல்லவில்லை.

முள்ளைப் பார்த்தேன். சரியாக நிமிஷம்.

முப்பத்தெட்டுக்கும் அப்படியே. எண் வரவில்லை. எண் வராமலே பதில் வந்தது. பதில் வந்ததும் அடி வந்தது.

பயந்துபோய் முப்பத்தொன்பதைக் கத்திச் சொன்னேன். நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறாளே.

எட்டு மணி.

"மூடு."

டக். தட்டு மூடிய சத்தம்.

கீழே ஒரே ஒரு அடி. இதுவரை விழுந்ததில் பெரியது.

பிறகு சத்தமே இல்லை. சில்வண்டுகூட இல்லை.

கதவைத் திறந்தேன்.

அக்கா தொலைநோக்கியிலிருந்து நான்கு அடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தாள். பின்மண்டை இல்லை. தொட்டேன். சித்திரை மாதத்துப் பாறை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் சில்லென்று இருந்தாள். தலைக்கு அடியில் ரத்தம் ஓரங்களில் காய்ந்து, எறும்பு வரிசை போட்டிருந்தது. என் காலில் பட்டது மட்டும் எப்படிச் சூடாக இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தட்டின் மூடி ஒழுங்காகச் சாத்தியிருந்தது. கொக்கிகூட மாட்டியிருந்தது.

திருகாணியில் ரத்தத்தில் கட்டைவிரல் ரேகை. ஒன்றன்மேல் ஒன்றாக. எண்ண முடியவில்லை.

திருகாணி நாற்பதாவது கோட்டில் நின்றது.

மறுநாள் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த டாக்டர் சொன்னார். "ரெண்டு அடி. மொத அடியிலயே உசிரு போயிருக்கும். பேச்சுக்கே எடமில்ல."

"அவ பேசுனா சார். எட்டு மணி வரைக்கும் பேசுனா."

"பயத்துல அப்படித்தான் இருக்கும்மா" என்றார் அவர்.

மாமாவைக் கல்குழியில் கண்டெடுத்தார்கள். கொன்றுவிட்டு ஓடும்போது இருட்டில் குழியில் விழுந்து நசுங்கிவிட்டான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. என்னைப் பார்க்க விடவில்லை. பார்த்த பெண்கள் ஒரு வாரம் சோறு தின்னவில்லை.

எல்லப்பன் மாஸ்டர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அக்காவைப் பார்த்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். தட்டைப் பெங்களூருக்கு எடுத்துப்போய்க் கழுவினார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவர் கண்ணாடித் தட்டை என்னிடம் நீட்டினார்.

"சயனோஜன் கோட்டைப் பாரு காவேரி. தலைமுடியைப் பிரிச்சு வெச்ச மாதிரி. பதிமூணாவது நிமிஷத்துல ஒரு ஆட்டம் இருக்கணும். ஒரு துளி இருக்கணும். இல்லவே இல்ல. இதை யாரு எடுத்தா? நெஜத்தைச் சொல்லு. நீயா?"

"அக்கா."

அவர் தட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

ஜூன் மாதம் இருட்டறை வேலைக்கு உத்தரவு வந்தது. சென்னம்மாள் என்ற பெயருக்குத்தான் வந்தது. மாஸ்டர் பேசி, அந்த இடத்தை எனக்கு வாங்கிக்கொடுத்தார். நான் டிரங்குப் பெட்டியோடு வேப்பனப்பள்ளியில் பஸ்ஸுக்கு நின்றேன்.

கல்குழிக் காவல்காரர் லால் பாஷா வந்தார். வயதானவர். யாரோடும் அதிகம் பேசாதவர். என் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"போலீஸ்கிட்ட நான் சொல்லல. சொன்னா நான்தான் செஞ்சன்னு புடிச்சுக்குவாங்க."

"என்னத்த பாய்?"

"உங்க மாமன் குழியில விழல. நான் கொட்டாயிலேந்து பாத்தன். மலையெறங்கி ஓடியாந்தான். கல்லு மேல குந்துனான். மேலேந்து நீ கத்துனது கேட்டுச்சு. பத்தொம்போதுன்னு. உடனே இவன் 'ஆச்சு'ன்னான். பொம்பளக் கொரல்ல. சம்மட்டியத் தூக்கி..."

அவர் தன் காலைத் தொட்டுக் காட்டினார்.

"தன் காலு மேலயே போட்டான். மொத நாலஞ்சு அடி பாதி கல்லுல பட்டுச்சு. அப்பறம் தப்பவே இல்ல. ஒரு எண்ணுக்கு ஒண்ணு. காலு, முட்டி, எடது கை விரலு ஒவ்வொண்ணா. இருவத்தொரு அடி. நடுநடுவுல அவனோட கொரலு வந்து கெஞ்சும். மறுபடி அந்தப் பொம்பளக் கொரலு வரும். நான் ஓடிப்போயி சம்மட்டியப் புடுங்கப் பாத்தன். ரெண்டு ஆளு சேந்தாலும் அசையாது போல இருந்துச்சு. கடைசியா நீ மூடுன்னியே..."

அவர் தன் நெற்றியைத் தொட்டார்.

வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் பேரு சொல்லி உன்னக் கூப்புட்டான். அத்தினி பெருசா கத்துனான். மேல கேட்டிருக்கும்."

நான் பெட்டியைத் தூக்கினேன்.

"நீ எண்ணாம உட்டிருந்தா அவன் கை நின்னிருக்கும்மா. எனக்கு அப்படித்தான் பட்டுச்சு" என்றார் லால் பாஷா. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உனக்குக் கேட்டுச்சுதான? அப்பறம் ஏம்மா நீ நிறுத்தல?"